கிளட்ச்சுக்குப் போட்ட வயிற்றுத் தோல்

ஆம்பூரில் தோல் கருகும் வாடையை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. ஆவாரம் பட்டை ஊறும் நெடி, சுண்ணாம்பு நெடி, பச்சைத் தோலின் நெடி என்று ஊர் முழுக்க ஏதாவது ஒரு வாடை அடித்துக்கொண்டே இருக்கும். அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிடுவார்கள். நான் மட்டும் கவனித்தேன். முதலாளியின் காரைக் கழுவித் துடைத்து, தோல் பதனிடும் ஷாப் வாசலிலிருந்து கொட்டகைக்கு நகர்த்தும்போதெல்லாம் அந்த வாடை என் காலடியிலிருந்து வந்தது. இன்ஜின் உறுமும், வண்டி யோசித்து யோசித்து நகரும். நான்கு நாள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்குப் பயப்படக் காரணமே வேண்டாம், சும்மா இருக்கும்போதே பயப்படுவேன். அந்த வாரம் காரணமும் சேர்ந்துகொண்டது.

காரணம் இதுதான். கார் கொட்டகைக்கு வருவதற்கு முன் நான் ஆறு வருஷம் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இருந்தவன். முடி உதிர்வதற்காகத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதில் இறங்கி நின்று புரட்டிப் போடும் வேலை. கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் அதே புண்ணோடு இறங்க வேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து முதலாளி ஒரு பழைய காரை வாங்கினார். அதைத் தள்ளுவதற்கும் ஹேண்டில் சுற்றுவதற்கும் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நான் குழியிலிருந்து கரையேறினேன். காரோடு கூடவே வந்த மெட்ராஸ் டிரைவர் ஊர் பிடிக்காமல் போய்விட்டார். அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்தே கார்ப்புரேட்டரைக் கழற்றவும், மேக்னெட்டோவைத் துடைக்கவும், பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொண்டேன். ஓட்டுவது முதலாளிதான். அவரிடம்தான் லைசென்ஸ் இருந்தது. நான் ஷாப் காம்பவுண்டுக்குள் மட்டும் ஓட்டுவேன்.

முதலாளிக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. பட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டி ஒன்றின் மேல் மோதப் பார்த்துத் தப்பித்த அன்று, என்னைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழம வேலூர்ல போலீஸ் சார்ஜெண்ட்டு பரீச்ச வைக்கிறாராம். நீ போயி லைசென்ஸ் வாங்கிடு. கெடைக்கலேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஒரு டிரைவர வரவெச்சிடுவேன். என்னால இனிமே ஓட்ட முடியாது."

"நான் இன்னா பண்றது மொதலாளி அப்போ?"

"கொட்டாயில ரெண்டு பேருக்கு வேல ஏது? நீ பழையபடி சுண்ணாம்புக்குப் போயிடு."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்வது போலச் சொன்னார். அன்றிலிருந்து ராத்திரி படுத்தால் காலில் சுண்ணாம்பு எரிவது போலவே இருந்தது, புண் ஆறி இரண்டு வருஷமாகியும்.

வெள்ளிக்கிழமை ஷாப் லீவு. அன்று கால் வைக்கும் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, கிளட்சைக் கழற்றிப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கிளட்ச் இப்போதுள்ளது போல் தட்டு அல்ல. இன்ஜின் சக்கரத்தின் குழிக்குள் ஒரு கூம்பு போய் உட்காரும், ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருவது போல. கூம்பைச் சுற்றித் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோல் இறுக்கிப் பிடித்தால் இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும். வழுக்கினால் இன்ஜின் வெறுமனே கத்தும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் வண்டியின் தோல் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கருகி, காகித மெல்லிசாகியிருந்தது. பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை.

சார்ஜெண்ட்டின் பரீட்சையைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லி வைத்திருந்தது ஒன்றுதான். மேட்டின் நடுவே வண்டியை நிறுத்தச் சொல்வார், பிறகு பின்னால் உருளாமல் மேலே ஏற்றச் சொல்வார். வழுக்கும் கிளட்ச்சோடு அதைச் செய்ய முடியாது. முதலாளியிடம் சொல்லாமல் வேறு வழியில்லை.

அவர் சிரித்தார். "தோலா? தோலுதான் போச்சா? நான் பயந்துட்டேன்பா, இன்னமோ சாமான் சீமையிலேர்ந்து வரணும்னு. என் ஷாப்புல தோலுக்கா பஞ்சம்? எது வேணுமோ எடுத்துக்கோ. நல்லதாப் பாத்து எடு."

இந்த இடத்தில் எங்கள் ஷாப்பின் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கிருந்து தோல் முழுசாகத்தான் சீமைக்குப் போகும். கழுத்து, முதுகு, வயிறு, கால் எல்லாம் சேர்ந்த ஒரே தோல். நடுவில் ஒரு கத்தி பட்டுவிட்டால் முதல் தரம் கடைசித் தரமாகிவிடும். அடுக்கில் மறைக்கவும் முடியாது, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஓட்டை போட்டவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு, முதலாளி வந்து பார்க்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். அடியும் இல்லை, வசவும் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கத்தியோடு தோல் பக்கம் போனாலே என் தோள்பட்டை இறுகிவிடும்.

என் அண்ணன் அதே ஷாப்பில் டிரிம்மிங் மேசைக்கு மேஸ்திரி. பதனிட்ட தோலின் ஓரத்துப் பிசிறுகளை நறுக்கி ஒழுங்கு பண்ணுவது அவருடைய மேசையில்தான் நடக்கும். கையால் தடவியே எந்தத் தோல் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை காலை அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"முதுகுல எடுடா," என்றார் உடனே. "வயித்துத் தோலு இழுத்துத் தொளதொளன்னு ஆயிடும். சூடு பட்டுச்சுன்னா இன்னும் இழுக்கும்."

"ஒரு தோலு பாழாப் போவுமேண்ணா."

"அவரே எடுத்துக்கச் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அப்புறம் இன்னா?"

அடுக்கிலிருந்து ஒரு தோலை உருவி மேசைமேல் விரித்தார். வெண்ணெய் நிறத்தில், ஒரு வடு இல்லாத தோல். நடு முதுகில் இரண்டரை முழ நீளம், நான்கு விரல் அகலம், கொஞ்சம் வளைவாகச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். நான் கத்தியை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன். வைத்தது வைத்தபடி நின்றேன். அழுத்த வேண்டும் என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. அக்கம்பக்கத்து மேசைகளில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"நீயே வெட்டிக் குடுண்ணா."

அண்ணன் கத்தியை வாங்கினார். அவரும் கோட்டைப் பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வேல கெடக்குதுடா," என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேசைக்குக் கீழே நறுக்கிப்போட்ட துண்டுகளின் குவியல் இருந்தது. அதைக் கிளறினேன். வயிற்றுப் பக்கத்து ஓரம் ஒன்று நீளமாகக் கிடைத்தது. மடித்துப் பார்த்தேன், கனமாகவே இருந்தது. கனமாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

"இது போதும்ண்ணா. நல்லாத்தான் இருக்குது."

அவர் அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்," என்றார்.

தோலை நனைத்து, கூம்பின்மேல் இழுத்துப் போர்த்தி, செம்பு ரிவெட் அடித்தேன். ரிவெட் தலைகள் தோலுக்குள் அமுங்கும்படி தட்டினேன். காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவினேன். ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுக்குள் பத்துச் சுற்றுச் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி போனது. முதலாளி மாடியிலிருந்து பார்த்துக் கையை ஆட்டினார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு குரல், இது பத்துச் சுற்று, வேலூர் முப்பது மைல் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலை வாயை மூடச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வேலூரில் ஒரு வியாபாரிக்குக் காட்டுவதற்காக முதலாளி ஒரு முதல் தரத் தோலைச் சுருட்டிக் கோணியில் கட்டிப் பின் சீட்டில் வைத்தார். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் நான் ஓட்டலாம் என்று சொல்லி என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மாதனூர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பாலாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி பட்டை விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் ஊம் கொட்டினேன், என் காது முழுக்க இன்ஜினில் இருந்தது.

அகரம்சேரி தாண்டி ஒரு சின்ன மேடு. அங்கே இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டியின் வேகம் ஏறவில்லை. ஒரு கணம்தான். உடனே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்திச் சமாளித்தேன். முதலாளி கவனிக்கவில்லை. அல்லது கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வருகிறாரா? ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மைல் முழுக்க, முட்டை மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினேன். பிறகு அந்த வாடை வந்தது.

"இன்னாப்பா, சத்தம் ஏறுது, வண்டி ஏறலியே?"

"எண்ண கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு மொதலாளி. நான்தான் நேத்து ஜாஸ்தி ஊத்திட்டேன். தொடச்சா சரியாப் போயிடும்."

பொய் இவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம். சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்திப் பலகையைப் பெயர்த்து, கூம்பின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். சாலைப் புழுதியை மேல்துண்டில் சலித்துத் தூவினேன். எண்ணெயால் வழுக்கினால் இது கேட்கும். மூன்று மைல் கேட்டது. பள்ளிகொண்டாவுக்கு முன்னால், அணைக்கட்டுப் பக்கமிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். இன்ஜின் கத்தியது, வண்டி அசையவில்லை.

மறுபடி பலகையைப் பெயர்த்துக் கையை விட்டுப் பார்த்தேன். கூம்புக்கும் தோலுக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. சனிக்கிழமை அங்கே ஊசி நுழைந்திருக்காது. சூட்டில் தோல் இழுத்து நீண்டுவிட்டது, அண்ணன் சொன்னது சொன்னபடி. முதலாளி கீழே இறங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். வரப்போகும் மெட்ராஸ் டிரைவர் எப்படி இருப்பான் என்று யோசித்தேன். காக்கிச் சட்டை போட்டிருப்பான். என் ஸ்பானர்களை அவன் எடுத்து மாட்டுவான். நான் குழியில் நின்றுகொண்டு கார் உள்ளே வரும் சத்தத்தைக் கேட்பேன்.

கிரீஸ் டப்பாவின் மூடியை உளியால் வெட்டி நான்கு தகடுகள் செய்து, தோலுக்கு அடியில் நான்கு இடத்தில் சொருகினேன். தோல் அங்கங்கே புடைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தது. பிடித்தது என்பதைவிடக் கடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை கிளட்சை விடும்போதும் வண்டி எகிறியது. முதலாளி ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டார். எதிலும் நிறுத்தாமல், நிறுத்தப் பயந்துகொண்டே, வேலூர் வந்து சேர்ந்தோம்.

கோட்டை அகழிக்குப் பக்கத்து மைதானத்தில் சார்ஜெண்ட் நின்றிருந்தார். ஊரில் சட்டைக்காரர் என்று சொல்கிற ஆங்கிலோ இந்தியர், ஆறடி உயரம். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, "போ," என்றார். கிளட்சை எவ்வளவு மெதுவாக விட முடியுமோ அவ்வளவு மெதுவாக விட்டேன். வண்டி ஒரு எகிறு எகிறி, கடகடவென்று அடியில் ஏதோ உடைகிற சத்தத்தோடு நின்றது. தகடு ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பலகை இடுக்கிலிருந்து புகை வந்தது.

சார்ஜெண்ட் மூக்கைச் சுளித்தார். "கிளட்ச் லெதர். நாலு மணி வரைக்கும் இருப்பேன். சரி பண்ணிட்டு வந்தா பாக்குறேன், இல்லன்னா அடுத்த மாசம்." இறங்கிப் போகும்போது முதலாளியைப் பார்த்துச் சொன்னார், "ஆம்பூர்லேர்ந்து வர்றீங்க, ஒரு நல்ல லெதர் கெடைக்கலியா?"

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மதியத் தொழுகைக்குப் போனார். அடுத்த மாசத்துக்குள் மெட்ராஸ் டிரைவர் வந்துவிடுவான். எனக்கு நான்கு மணி வரைக்கும்தான் நேரம் இருந்தது.

பின்னால் போகும் தண்டின் இணைப்பைக் கழற்றி, கூம்பை வெளியே எடுத்தேன். கிழிந்த தோலை உரித்துப் போட்டேன். புதுத் தோலுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை, பின் சீட்டில் இருந்தது. கோணியைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன்மேல் தோலை விரித்தேன். மைதானத்து வெயிலில் அது பொன் மாதிரி கிடந்தது. முதுகில் கோடு போட்டேன். கத்தியை வைத்தேன். சுண்ணாம்புக் குழியை நினைத்துக்கொண்டேன், வெந்த காலை நினைத்துக்கொண்டேன், வெட்டுடா வெட்டுடா என்று வாய்விட்டுச் சொன்னேன். கத்தி இறங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது முதலாளி எதிரே நின்றிருந்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை. நான் உரித்துப் போட்ட பழைய துண்டைக் கையில் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது.

"வயித்துத் தோலு," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையிலிருந்த கத்தியை வாங்கி, தோலின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அவருடைய ஷாப், அவருடைய தோல், விரலை விட்டுக்கொண்டு நிற்க வைக்க அவருக்கு மேலே ஒருவரும் இல்லை. கோட்டின்மேல் கத்தியை வைத்தார். எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"நீ வெட்டு," என்று கத்தியை நீட்டினார்.

"நீங்களே வெட்டிடுங்க மொதலாளி."

"உனக்குத்தானே லைசென்ஸ் வேணும்? வெட்டு."

கத்தி இரண்டு தடவை எங்கள் இருவர் கைக்கும் நடுவே போய் வந்தது. அப்போது சார்ஜெண்ட் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"ரெண்டு பேரும் தோல சுத்தி உக்காந்து இன்னா பண்றீங்க?"

"வெட்டணும் சார்," என்றார் முதலாளி.

"இதுல? கோடு போட்டிருக்கே, இப்படியா?" குனிந்து, முதலாளி கையிலிருந்து கத்தியை வாங்கி, நடு முதுகில் குத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ரென்று இரண்டரை முழம் பிளந்தது. நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு "யா அல்லா" என்றார். சார்ஜெண்ட் பதறிப்போய் எங்கள் கைகளை மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்காவது பட்டுடுச்சா?"

இன்னொரு பக்கத்துக் கோட்டையும் அவரே வெட்டிக் கொடுத்துவிட்டு, பைத்தியக்காரர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

அகழித் தண்ணீரில் நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் போர்த்தினேன். முதுகுத் தோல் லேசில் இடம் கொடுக்கவில்லை. முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்க நான் ரிவெட் அடித்தேன். வெயிலில் வைத்து, விளக்கெண்ணெய் தடவி, கூம்பை உள்ளே ஏற்றி முடிக்கும்போது மூன்றே முக்கால் ஆகிவிட்டது. ஈரம் முழுக்கக் காயவில்லை என்பது எனக்குத் தெரியும். காயாத தோல் என்ன செய்யும் என்பதுதான் தெரியாது.

சார்ஜெண்ட் என்னை மலையடிவாரத்து மேட்டுச் சாலைக்கு ஓட்டிப் போகச் சொன்னார். பாதி மேட்டில், "நிறுத்து," என்றார். கைபிரேக்கைப் போட்டு நிறுத்தினேன். பின்னால் கண்ணாடி கிடையாது, ஆனால் பின்னால் எவ்வளவு பள்ளம் என்று முதுகே சொன்னது. நாங்கள் தாண்டி வந்த ஒரு கிழவர் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார். வண்டி உருண்டால் முதலில் அந்த ஆடுகள்தான்.

"போ."

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கிளட்சை விட்டேன், நூல் நூலாக விட்டேன். இன்ஜின் சத்தம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. போச்சு என்று நினைத்தேன். அப்போது சத்தம் தடித்தது. பாரம் ஏறினால் இன்ஜின் எப்படிக் குரலைத் தாழ்த்தும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். கைபிரேக்கை விட்டேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. மேட்டின் உச்சியில் நிறுத்தி, பின்னால் திரும்பி அந்த ஆடுகளைப் பார்த்தேன்.

சார்ஜெண்ட் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, டயரைச் சோதிப்பது போலக் குனிந்தேன்.

திரும்பும்போது முதலாளி முன் சீட்டில்தான் உட்கார்ந்தார். வெட்டிய தோலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். வியாபாரியிடம் போகவே இல்லை. சார்ஜெண்ட் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவரைக் குடைந்துகொண்டிருந்தது என்று அவர் பேச ஆரம்பித்ததும் தெரிந்துபோனது.

"ஆம்பூர்லேர்ந்து வந்து நல்ல தோல் இல்லியான்னு கேக்குறான்பா. இத்தன வருஷத்துல எவனும் கேட்டதில்ல." கொஞ்ச தூரம் போனதும், "அந்த வயித்துத் தோல எங்கேர்ந்து எடுத்தே?" என்றார்.

"டிரிம்மிங் மேசையிலேர்ந்து மொதலாளி."

"உங்கண்ணன் மேசைலயா?"

"ஆமா மொதலாளி."

"அவன் பாத்துத்தான் குடுத்தானா?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் முதுகில்தான் எடுக்கச் சொன்னார், கோடுகூடப் போட்டுக் கொடுத்தார், வெட்டப் பயந்து வயிற்றுத் தோலை எடுத்தவன் நான்தான் என்று. மூன்று வரிதான். முதலாளியும் கத்தியை வைத்துக்கொண்டு தடுமாறியவர், சிரித்திருக்கவும் கூடும். ஆனால் அதைச் சொன்னால் இன்னொன்றும் சேர்ந்து வெளியே வரும். காலையில் எண்ணெய் ஜாஸ்தி என்று சொன்னது பொய், தோல் எப்படிப்பட்டது என்று தெரிந்தே முப்பது மைல் அவரைக் கூட்டி வந்தேன் என்பது. தெரிந்தே பொய் சொல்கிறவன் கையில் எந்த முதலாளி வண்டியைக் கொடுப்பார்? சட்டைப் பையில் காகிதம் நெஞ்சில் உரசிக்கொண்டிருந்தது. நான் சாலையைப் பார்த்தேன்.

"பாத்தாரு மொதலாளி," என்றேன். அது பொய் இல்லை. பார்க்கத்தான் பார்த்தார்.

"வயிறு எது, முதுகு எதுன்னு தெரியாதவனுக்கு மேஸ்திரி வேல எதுக்கு?"

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கிளட்ச் நன்றாகப் பிடித்தது. ஆம்பூர் வரும்வரை ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

புதன்கிழமை காலை டிரிம்மிங் மேசைக்கு வேறு ஒருவர் வந்து நின்றார். அண்ணனைச் சுண்ணாம்புக்கு மாற்றிவிட்டார்கள். அன்றே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அன்று முதலாளி வாணியம்பாடி போக வேண்டியிருந்தது. மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் வந்துவிட்டது. அது வந்த பிறகு ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு நாள் வயது கூடியது. முதலாளி கண் மூடும்வரை அவரை நான் தினமும் ஏற்றி இறக்கினேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

அண்ணனை ஒரு வாரம் நான் நேருக்கு நேர் பார்க்கவில்லை. பார்க்காதபடி நடந்துகொண்டேன். அடுத்த சனிக்கிழமை காரை உள்ளே கொண்டுவந்தபோது, அவர் குழியிலிருந்து ஏறி வந்து கொட்டகை வாசலில் நின்றார். முழங்கால் வரைக்கும் வெள்ளையாக இருந்தது. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"லைசென்ஸ் கெடச்சிடுச்சாமே."

"ஆமாண்ணா."

காலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"மொதலாளி கேட்டப்ப நீ சொன்னியாடா, நான் முதுகுல எடுக்கச் சொன்னேன்னு?"

"சொன்னேண்ணா," என்றேன். "அவருதான் கேட்டுக்கல."

அண்ணன் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று லேசானது.

"நீ சொன்ன இல்ல. அது போதும்டா," என்று சொல்லிவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினார்.